மூக்குப்பொடிக் குழியில் ஒரு வலி

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மாலையில் தெருமுனைத் திருப்பத்தில் என் தம்பியின் பைக் வழுக்கியது. வேகமெல்லாம் ஒன்றுமில்லை. சரியும்போது யாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். வலது கையைத் தரையில் ஊன்றினான். முழங்காலில் சிராய்ப்பு, மணிக்கட்டில் லேசான வீக்கம். அன்றிரவே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “எலும்புக்கு ஒண்ணும் ஆகல தம்பி, சுளுக்குதான்” என்று சொல்லி, கிரேப் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. அம்மா தன் பங்குக்குச் சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப்போய் எண்ணெய் போட்டு நீவிவிடச் செய்தார். அத்தோடு எல்லோரும் மறந்துபோனோம்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போது அவன் இடது கையை ஊன்றி எழுவதைப் பார்த்தேன். கேட்டதற்கு, “ரொம்ப நாளா இப்படித்தான்ணே, வலது கையை ஊனினா சுருக்குனு குத்துது” என்றான். கவனித்துப் பார்த்தால் தண்ணீர்க் கேனையும் இடது கையால்தான் தூக்குகிறான். பைக்கில் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது முகம் சுளிக்கிறான். இந்த முறை சி.டி. ஸ்கேன் எடுத்தோம். மணிக்கட்டுக்குள் ஒரு சின்ன எலும்பு இரண்டு துண்டாகக் கிடந்தது. எட்டு மாதமாக அப்படியே கிடந்திருக்கிறது.

அந்த எலும்பின் பெயர் ஸ்கேஃபாய்டு. படகு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பதால் தமிழில் படகெலும்பு எனலாம். எனக்கென்னவோ அது பெரிய முந்திரிப்பருப்பைப் போலத்தான் தெரிகிறது, அளவிலும் வளைவிலும். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் நான்கு நான்காக இரண்டு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. படகெலும்பு மட்டும் கட்டைவிரல் பக்கத்தில் இரண்டு வரிசைகளையும் பிணைத்துக்கொண்டு சாய்வாகக் கிடக்கிறது. கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டு 90 பாகையையும் தாண்டிப் பின்னுக்கு மடங்கும். அப்போது இந்த எலும்பின் ஒரு பாதியை முன்கையின் ரேடியஸ் எலும்பு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. மறுபாதி உள்ளங்கையோடு சேர்ந்து வளைகிறது. பெரும்பாலும் எலும்பின் நடுவே ஒடுங்கிய ‘இடுப்பில்’ விரிசல் விழுகிறது.

மணிக்கட்டுச் சிற்றெலும்புகளில் ஏற்படும் முறிவுகளில் 60 முதல் 70 சதவீதம் இந்த ஓர் எலும்புக்கு உரியவை. அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள். பைக் ஓட்டுகிறவர்கள், பந்து பிடிக்கப் பாய்கிறவர்கள், சாரத்திலிருந்து சறுக்குகிறவர்கள். வயதானவர்கள் அதே மாதிரி விழுந்தால் அநேகமாக ரேடியஸ் எலும்பின் முனைதான் உடையும். கை கோணிக்கொள்ளும், வீங்கிவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. படகெலும்பு உடைந்தால் கை கோணாது. விரல்கள் மடங்கும், பேனா பிடிக்கலாம், சோறு பிசையலாம். இரண்டு வாரத்தில் வலியும் பழகிப்போகும். அதனால்தான் இந்த முறிவுக்குச் சுளுக்கு என்ற பெயர் இவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் இது ஒளிந்திருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்க முடியும். உங்கள் கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு தசைநாண்கள் கயிறுபோல விறைத்து நிற்கும். நடுவே ஒரு சிறு பள்ளம் விழும். ஐரோப்பாவில் பொடி போடும் வழக்கமுள்ளவர்கள் அந்தப் பள்ளத்தில் பொடியை வைத்து உறிஞ்சினார்கள். உடற்கூறு நூல்களிலும் அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் தாத்தாக்கள் பொடி மட்டையிலிருந்து இரு விரலால் சிட்டிகை எடுத்தார்கள், அவர்களுக்கு இந்தக் குழி தேவைப்படவில்லை. அந்தக் குழியின் தரையில் படகெலும்பு இருக்கிறது. விழுந்தவரின் கையில் அங்கே விரலால் அழுத்தும்போது வலிக்கிறதா, உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரல் மேட்டின் அடியில் தட்டுப்படும் எலும்பு முண்டை அழுத்தினால் வலிக்கிறதா, கட்டைவிரலை நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளினால் வலிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இவற்றில் எங்குமே வலி இல்லையென்றால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். வலி இருந்தால் உடைந்தே விட்டது என்று பொருளில்லை, ஆனால் விட்டுவிடக் கூடாது. செலவில்லாத, அரை நிமிடச் சோதனை இது. என் தம்பிக்கு அன்று யாரும் இதைச் செய்து பார்க்கவில்லை.

எக்ஸ்ரேயின் கதையே ஒரு கையில்தான் தொடங்குகிறது. 1895 டிசம்பர் 22 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இயற்பியலாளர் ராண்ட்ஜன் தன் மனைவி பெர்த்தாவின் கையைப் படம் பிடித்தார். விரலெலும்புகளும் அதில் ஒன்றில் மோதிரமும் நிழலாக விழுந்த அந்தப் படத்தை நம்மில் பலர் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறோம். சில மாதங்களுக்குள் பிரான்சின் லியோன் நகரில் எத்தியேன் தெஸ்தோ என்ற மருத்துவர் இந்தப் புதிய கதிர்களைக் கையிலெடுத்து, மணிக்கட்டுக் காயங்களை ஆராய்வதில் முன்னோடியானார். சுளுக்கு என்று அனுப்பப்பட்டவர்களுள் எத்தனை பேருடைய கை உண்மையில் உடைந்திருந்தது என்பது அதன் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

இருந்தாலும் எக்ஸ்ரே ஒரு நிழல்தான். முப்பரிமாணமான எலும்பு முழுவதும் ஒரே தளத்தில் நசுங்கி விழுந்த நிழல். மூடிய இரட்டைக் கதவின் இடுக்கு வழியே உள்ளே எரியும் விளக்கு தெரிய வேண்டுமென்றால் இடுக்குக்கு நேராக நிற்க வேண்டும். அரை அடி தள்ளி நின்றாலும் கதவு ஒரே பலகையாகத்தான் தெரியும். எலும்பு விரிசலும் அப்படித்தான். கதிர் அந்த விரிசலின் வழியே நேராகப் பாய்ந்தால் கோடு விழும். கொஞ்சம் சாய்ந்து பாய்ந்தால், விரிசலுக்கு முன்னும் பின்னும் உள்ள எலும்பின் நிழல் கோட்டை மூடிவிடும். படகெலும்பு மணிக்கட்டுக்குள் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து கிடப்பதால், கையைச் சாதாரணமாகப் பலகையில் வைத்து எடுக்கும் படத்தில் அது குறுகிச் சுருண்டு தெரிகிறது. அதனால்தான் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வைத்து, எலும்பை நீட்டி, தனியாக ஒரு படம் எடுக்கிறார்கள். நேராக, பக்கவாட்டில், சாய்வில், பிறகு இந்தச் சிறப்புக் கோணத்தில் என்று நான்கு படமாவது வேண்டும். அவசரத்தில் இரண்டோடு நின்றுவிடுவது உண்டு. நான்கும் எடுத்தாலும், உடைந்த படகெலும்புகளில் ஐந்தில் ஒன்றுவரை முதல் நாள் படத்தில் பிடிபடாமல் போகலாம்.

ஆகவே அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “முறிவு தெரியவில்லை” என்பது ஒரு செய்தி. “முறிவு இல்லை” என்பது வேறு செய்தி. முதல் வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டாவது வாக்கியத்தை நோயாளியிடம் சொல்வது தினமும் நடக்கிறது. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. குழியில் வலி இருக்கும் கையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் இருக்கின்றன.

பழைய முறை இந்த இடைவெளியைக் காலத்தை வைத்து நிரப்பியது. குழியில் வலி இருக்கிறது, படம் சுத்தமாக இருக்கிறது என்றால், உடைந்திருப்பதாகவே வைத்துக்கொண்டு கட்டுப் போட்டுவிட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். இதற்கு நல்ல காரணம் உண்டு. உடைந்த விளிம்புகளில் செத்த எலும்பை உடலே அரித்து அப்புறப்படுத்தத் தொடங்கும். அந்தத் துப்புரவில் இடுக்கு அகலமாகும். மயிரிழையாக இருந்தது, பென்சில் கோடாகும். முதல் நாள் காணாத முறிவு இரண்டாவது வாரத்தில் தெரிவது இப்படித்தான். அன்று படம் பார்த்தவரின் கண்ணை எப்போதும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் என்னவென்றால், இப்படிக் கட்டுப் போட்டு அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு முறிவே இருக்காது. வலது கையில் மாவுக்கட்டோடு இரண்டு வாரம் என்றால், கொத்தனாருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் இரண்டு வாரக் கூலி போயிற்று. கட்டைத் தாங்களே நனைத்துப் பிய்த்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலருடைய எலும்பு உண்மையாகவே உடைந்திருக்கும். இந்தக் கணக்கையெல்லாம் பார்த்துத்தான் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, படகெலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று 2016ல் வழிகாட்டியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதவர்களுக்கு உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த லண்டன் ஆய்வு ஒன்று 2019ல் வெளியானது. ஆறு மாதக் கணக்கில் மொத்தச் செலவு குறையவே செய்தது. தேவையில்லாத கட்டுகளும், திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு நடப்பதும் மிச்சமானதுதான் காரணம். நம் ஊரில் சில ஆயிரம் ரூபாய் உடனே கையிலிருந்து போகும் என்பதை மறைக்க முடியாது. ஆனால் இரண்டு வாரக் கூலியையும் பக்கத்தில் வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எலும்பைத் தேடுவதில்லை என்பதுதான் அதன் வலிமை. காந்தப் புலத்தில் அது தேடுவது ஹைட்ரஜனை; அதாவது நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. பெரியவர்களின் படகெலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. எலும்பில் விரிசல் விழுந்த சில மணி நேரத்திலேயே அந்தக் கொழுப்புக்குள் ரத்தமும் நீரும் கசிந்து ஊறத் தொடங்கும். கொழுப்பிலிருந்து வரும் சைகையை மட்டும் அடக்கிவிட்டுப் படமெடுத்தால் எலும்பு முழுவதும் கறுத்துப்போய், நீர் ஊறிய இடம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். கொழுப்பு பிரகாசிக்கும் இன்னொரு வகைப் படத்தில், அதே இடத்தில் விரிசல் கரிய கோடாக ஓடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டு மட்டும் இருந்து கோடு இல்லையென்றால், அது எலும்புக்குள் ஏற்பட்ட கன்றலாக இருக்கலாம். எல்லா வெள்ளையையும் முறிவென்று சொல்லிவிட்டால் வேறு பக்கம் தவறிப்போவோம்.

கணினிக்கும் இந்த வேலையைக் கற்றுத் தருகிறார்கள். தைவான், அமெரிக்க ஆய்வாளர்கள் 2021ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர்களின் கண்ணுக்குத் தெரியாத 22 படகெலும்பு முறிவுகளில் 20ஐ எக்ஸ்ரே படத்திலிருந்தே கணினி சுட்டிக்காட்டியது. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் 22 என்பது சின்ன எண்ணிக்கை. இரவுப் பணியில் தனியாக நிற்கும் இளம் மருத்துவருக்கு “இதை இன்னொரு முறை பாருங்கள்” என்று சொல்லும் துணையாக அது வரும் நாளை நான் எதிர்பார்க்கிறேன்.

கண்டுபிடிப்பதில் ஏன் இவ்வளவு அவசரம்? காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு ஒரே சொல்லில் விளங்கும்: கடைமடை. கைக்கு வரும் ரத்தம் முழங்கைப் பக்கமிருந்து விரல்களை நோக்கி ஓடுகிறது. ஆனால் படகெலும்புக்கு ரத்தம் தரும் முக்கியக் கிளை எலும்பின் நடுப்பகுதிக்கும் விரல் பக்கத்துக்கும் அருகே புறங்கை வழியாக உள்ளே நுழைந்து, அங்கிருந்து திரும்பி, முன்கையை நோக்கிப் பின்னோக்கிப் பாய்கிறது. எலும்பின் ரத்தத்தில் 70 முதல் 80 சதவீதம் இந்த வழியில் வருகிறது என்று 1980ல் கெல்பர்மன், மேனன் இருவரும் சவக்கைகளில் ரத்தக்குழாய்களை ஆராய்ந்து காட்டினார்கள். முன்கைப் பக்கத்து முனை அந்த வாய்க்காலின் கடைமடை. எலும்பின் மேற்பரப்பில் பெரும்பகுதி குருத்தெலும்பால் மூடியிருப்பதால் வேறு வழியாக ரத்தக்குழாய் நுழையவும் இடமில்லை. இடுப்பில் முறிவு விழுந்தால் வாய்க்கால் நடுவில் உடைந்த மாதிரி. முறிவு எவ்வளவுக்கு எவ்வளவு கடைமடைப் பக்கம் தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தத் துண்டு காய்ந்துபோகும் ஆபத்து அதிகம்.

நேரத்தில் கட்டுப் போட்டால், விலகாத இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பது 8 முதல் 12 வாரத்தில் கூடிவிடும். நான்கு வாரத்துக்கு மேல் கவனிக்காமல் விட்டால் இந்தக் கணக்கு கெட்டுப்போகிறது. புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் மோசம்.

ஆனால் கூடிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கால் எலும்பு உடைந்தவர்களின் எக்ஸ்ரேயைப் பார்த்திருப்பீர்கள். முறிந்த இடத்தைச் சுற்றிப் பஞ்சுபோல ஒரு புது எலும்புத் திரள் படியும். அதைப் பார்த்தாலே சேர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். படகெலும்பு மூட்டு நீரில் மூழ்கிக் கிடப்பது. புது எலும்பைச் சுரக்கும் மேலுறையும் அதற்குப் பெரிதாக இல்லை. அதனால் அந்தத் திரள் வராது. உள்ளே இருக்கும் நுண்ணிய எலும்பு இழைகள் விரிசலைக் கடந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நிழற்படத்தில் அதைப் பார்ப்பது துணியின் இழையைத் தெருவிலிருந்து எண்ணுவது மாதிரி. 1988ல் பிரிட்டனில் டயஸ் என்ற மருத்துவரும் சகாக்களும் 12 வார எக்ஸ்ரே படங்களைப் பல மருத்துவர்களிடம் கொடுத்து, கூடியிருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். ஒருவர் கூடிவிட்டது என்ற படத்தையே இன்னொருவர் கூடவில்லை என்றார். அந்தப் படத்தை நம்பித்தான் அதுவரை உலகெங்கும் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஜோசஃப் டயஸ் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2020ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 31 மருத்துவமனைகள், 439 பேர், எல்லோருக்கும் 2 மி.மீ.க்கு மேல் விலகாத இடுப்பு முறிவு. பாதிப் பேருக்கு உடனே அறுவை செய்து திருகாணி. பாதிப் பேருக்குக் கட்டு. ஓராண்டு முடிவில் வலியிலும் கையின் பயன்பாட்டிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே முதலில் கட்டுப் போதும், கூடாதவர்களை மட்டும் சீக்கிரம் அடையாளம் கண்டு அறுவை செய்யலாம் என்றார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்த ‘சீக்கிரம் அடையாளம் கண்டு’ என்ற நிபந்தனை. அந்த வேலையைச் செய்வது சி.டி. ஸ்கேன். எலும்பின் நீளவாக்கில் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவிச் சீவிப் பார்த்து, எத்தனை சீவலில் இழை கடந்திருக்கிறது என்று எண்ணலாம். குறுக்குப் பரப்பில் பாதிக்கு மேல் பாலம் விழுந்திருந்தால் பெரும்பாலும் மீதி தானாகவே கூடிவிடும்.

என் தம்பியின் சி.டி. படத்தை ரேடியாலஜி மருத்துவர் கணினித் திரையில் எனக்குக் காட்டினார். விளிம்புகள் மழுங்கி, வழவழப்பாகி, நடுவில் சிறு குழிகள் விழுந்திருந்தன. விரல் பக்கத்துத் துண்டு முன்னுக்கு மடங்கியதால் எலும்பு கூன் விழுந்தது போலிருந்தது. முன்கைப் பக்கத்துத் துண்டு மட்டும் சுற்றியுள்ள எலும்புகளைவிட வெண்மையாகத் தெரிந்தது. “இது நல்லா கெட்டியா இருக்கே டாக்டர்” என்றேன் நான். அவர் தலையசைத்து மறுத்தார். கையை உபயோகிக்காமல் விடும்போது உயிருள்ள எலும்புகளிலிருந்து ரத்தம் சுண்ணாம்பை எடுத்துப் போய்விடும், அவை மங்கிப்போகும். ரத்தமே போகாத துண்டிலிருந்து எடுத்துப் போக ஆளில்லை. அது பழைய வெண்மையோடு அப்படியே நிற்கும். “வெள்ளையா இருக்கிறதுதான் கவலை” என்றார். இப்படியே விட்டால் ஐந்து, பத்து ஆண்டுகளில் அந்த மூட்டு தேய்ந்து, மணிக்கட்டே ஒரு பக்கம் சரிந்துபோகும் என்பதையும் சொன்னார்.

அடுத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில், கொழுப்பு பிரகாசிக்கும் வகைப் படத்தில், அந்தத் துண்டின் மஜ்ஜை முழுவதும் இருண்டுவிடவில்லை, பாதிக்கு வெளிச்சம் இருந்தது. கடைசித் தீர்ப்பு ஸ்கேனில் இல்லை, அறுவை மேசையில்தான் என்றார் அறுவை மருத்துவர். அறுவையின்போது கையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தியிருந்த பட்டையைத் தளர்த்தி, அந்தத் துண்டைச் சுரண்டிப் பார்த்தபோது புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்த்ததாம். தம்பியின் இடுப்பெலும்பிலிருந்து ஓர் ஆப்பு வெட்டியெடுத்து இடுக்கில் வைத்துக் கூனை நிமிர்த்தி, திருகாணி போட்டார். ஆஸ்திரேலியாவின் டிமோத்தி ஹெர்பர்ட் 1984ல் உலகுக்குக் கொடுத்த வகைத் திருகாணி அது. தலை கிடையாது. இரு முனைகளிலும் மரை உண்டு, ஒரு முனையில் நெருக்கமாக, மறு முனையில் அகலமாக. அதனால் முறுக்க முறுக்க இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று நெருங்கி இறுகும். குருத்தெலும்புக்கு அடியில் முழுவதும் புதைந்துவிடும்.

பதினான்காவது வாரத்தில் மறுபடி சி.டி. எடுத்தோம். அதே மருத்துவர், அதே திரை. ஒவ்வொரு சீவலாக நகர்த்திக்கொண்டே போனார். திருகாணியின் ஓரத்தில், முன்பு கறுப்பாக இருந்த இடுக்கில், சாம்பல் நிறத்தில் மெல்லிய இழைகள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போயிருந்தன. உள்ளங்கைப் பக்கம் நன்றாகக் கூடியிருந்தது. புறங்கைப் பக்கம் இன்னும் ஒரு நூல் அகலத்துக்குக் கறுப்பு மிச்சமிருந்தது. பென்சிலால் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினார்: பதினெட்டுச் சீவலில் பதினொன்றில் பாலம். “பைக் வேண்டாம் தம்பி, இன்னும் ஆறு வாரம்” என்றார். தம்பி கட்டைவிரலை விரித்து, தானே அந்தக் குழியில் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, மேசையில் கழற்றி வைத்திருந்த மணிக்கட்டுப் பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.